அப்பாவின் எச்சில்

வீட்டில் ஒருவர் அறிவியல் படித்துவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதி போய்விடும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். பயோடெக்னாலஜியில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து, அம்மா மீன் பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் வைத்தால் பக்கத்தில் போய் நின்று மூலக்கூறுகளைப் பற்றிப் பேசுவேன். அப்பா டீ கிளாஸைத் தூக்கினால் பல் எனாமலைப் பற்றிப் பேசுவேன். "இவள காலேஜுக்கு அனுப்புன நேரத்துக்கு ஒரு ரேடியோ வாங்கியிருக்கலாம். நிறுத்தறதுக்கு பட்டனாவது இருந்திருக்கும்" என்பார் அப்பா.

இத்தனைக்கும் நான் பார்த்த வேலை, மணலிப் பக்கம் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் எண்ணெய் கெட்டுப் போயிருக்கிறதா என்று சோதிப்பது. ஆனால் யாராவது கேட்டால் "லேப்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் நான் ஏதோ தடுப்பூசி கண்டுபிடிப்பதாக நினைத்துக்கொண்டு போவார்கள். (நினைக்கட்டுமே, நமக்கு என்ன நஷ்டம்?)

என் அப்பா தேசப்பன், நெட்டுக்குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். அம்மா அஞ்சலை. எங்கள் குப்பத்தில் யாரும் எழுதி வைக்காத ஓர் ஏற்பாடு உண்டு. கடல் ஆம்பளையோடது, கரை பொம்பளையோடது. படகின் மூக்கு மணலில் இடித்ததும் அதிகாரம் கை மாறிவிடும். அதன் பிறகு மீனை ஏலம் விடுவது, ஐஸ் பெட்டியோடு மார்க்கெட்டுக்குப் போவது, பேங்க், ரேஷன் கடை, என் பள்ளிக்கூடத்தில் வந்து திட்டு வாங்குவது எல்லாமே அம்மா. நடுக்கடலில் காற்றின் வாசனையை வைத்தே வழி கண்டு திரும்பிவிடும் மனிதருக்குக் கரையில் தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது.

ஒரு நாள் வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. கூட இருந்தவர்கள் படகைத் திருப்பிக் கரை சேர்த்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அந்த ஆஸ்பத்திரியிலும் எங்கள் ஊர் ஏற்பாடுதான் நடந்தது. டாக்டர் அப்பாவைப் பார்த்து, "வலி எங்க இருந்துச்சு?" என்று கேட்பார். அப்பா அம்மாவைப் பார்ப்பார். "இடது பக்கம் சார், தோள்பட்ட வரைக்கும்" என்பாள் அம்மா. "ராத்திரி தூங்கினீங்களா?" "தூங்குனாரு சார், குறட்ட வுட்டாரு." டாக்டர் கொஞ்ச நாளில் அப்பாவைப் பார்த்துக் கேட்பதையே விட்டுவிட்டார். அப்பா சொந்த வாயால் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கடலுக்கு எப்ப போலாம் சார்?"

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு மாத்திரையைக் காட்டி, "இதை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம பாத்துக்கறது இதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சில பேரோட உடம்பு இந்த மாத்திரையைச் சரியா எடுத்துக்காது. அது அவங்கவங்க மரபணுவைப் பொறுத்தது. எச்சிலை வெச்சு ஒரு டெஸ்ட் இருக்கு. கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டா எடுக்கலாம். ரிசல்ட் சரியா இருந்தா இவரைக் கடலுக்கு அனுப்பறதைப் பத்தி நானும் தைரியமா யோசிக்கலாம்" என்றார்.

மரபணு! படித்து முடித்ததிலிருந்து அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதே இல்லை. எண்ணெய் டின்களுக்கு நடுவே வாடிக்கொண்டிருந்த என் பட்டத்துக்குத் திடீரென்று உயிர் வந்தது. "எடுத்துடலாம் டாக்டர், நான் பாத்துக்கறேன்" என்றேன், ஏதோ நானே எடுக்கப்போவது போல.

அன்று வீட்டில் இரண்டு பேரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தேன். குரோமோசோம், என்சைம், புரதம். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா சொல்ற நீ, இறா வலையில வஞ்சிரம் மாட்டாதுன்ற. அதானே?" என்றார். அதேதான். நான் ஒரு மணி நேரம் இழுத்ததை அவர் ஒரே இழுப்பில் முடித்துவிட்டார் என்பதால் எனக்குக் கோபம் வந்தது. "அவ்ளோ சிம்பிள் இல்ல நைனா" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பரிசோதனைப் பெட்டி கூரியரில் வந்தது. உள்ளே ஒரு சின்னக் குழாய், அதன் மேல் ஒரு கோடு. கோடு வரை எச்சில் துப்பி, மூடி திருகி, வாங்கிப்போக வரும் கூரியர்காரரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். துப்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் வாயில் எதுவும் படக் கூடாது. டீ கூடாது, வெற்றிலை கூடாது, தண்ணீரும் கூடாது.

வாழ்நாள் முழுக்க வங்காள விரிகுடாவில் துப்பியவருக்கு ஒரு குழாயைக் கொடுத்ததும் வாய் வறண்டு போனது. நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருந்தேன். (சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவதற்கு. எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்.)

"எலுமிச்சங்காய நெனச்சிக்கோ நைனா."

"நெனச்சிகினுதான் கீறேன். வர மாட்டேங்குது."

"நுரை வரக் கூடாது. எச்சி மட்டும்தான் வரணும்."

"எச்சியே இல்லன்றேன், நுரைக்கு எங்க போவேன்? ஒரு வாய் டீ குடுத்தின்னா டக்குனு வந்துடும்."

"டீ குடிச்சா சாம்பிள் கெட்டுப் போயிடும்!"

"ஒயுங்கா குந்த வுடாம இன்னாடி பேஜாரு இது" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து கூரியர்காரர் போன் செய்தார். கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தத் தெருவில் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறாராம். நான் மெயின் ரோடுக்கு ஓடினேன். ஓடுகிறபோதே திரும்பி, "நான் வர்றதுக்குள்ள கோடு வரைக்கும் இருக்கணும்!" என்று கத்திவிட்டுப் போனேன்.

அவரை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தால், அதிசயம், குழாய் சரியாகக் கோடு வரை நிறைந்திருந்தது. நுரை இல்லை. மூடியும் திருகியிருந்தது. அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விஞ்ஞானிக்கு இதற்கு மேல் என்ன தடயம் வேண்டும்? ஆனால் நான் லேபிள் ஒட்டும் மும்முரத்தில் இருந்தேன். பெயர்: தேசப்பன். பால்: ஆண். அழகான கையெழுத்தில் எழுதி, கூரியர்காரரிடம் கொடுத்து, "ஜாக்கிரதையா கொண்டு போங்க, இதுல ஒரு உயிர் இருக்கு" என்று வேறு சொன்னேன். அவர் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார்.

ரிசல்ட் என் போனுக்கு வந்தபோது நான் ஆலையில் இருந்தேன். முதல் பக்கத்தின் நடுவிலேயே சிவப்புப் பெட்டிக்குள் போட்டிருந்தது: இவர் உடலில் இந்த மருந்து போதுமான அளவு வேலை செய்யாது. மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் ஆலோசிக்கவும்.

அப்படியானால் இத்தனை நாளாக அவர் விழுங்கியதெல்லாம்? அந்த ஸ்டென்ட் எந்தப் பாதுகாப்பும் இல்லாமலா உள்ளே இருக்கிறது? உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். அடுத்த பக்கம் என்று ஒன்று இருப்பதே என் நினைவில் இல்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா அன்றைக்குக் கரைக்குப் போய்ப் படகில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் மணலில் ஓடிப்போய் ஊரே கேட்கும்படி, "நைனா, எறங்கு! மாத்திர வேல செய்யல!" என்று கத்தினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். படகிலிருந்து அவரை நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். அவருக்கு நடக்கத் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். புயல் எச்சரிக்கை நாளில் கடலுக்குள் மாட்டிக்கொண்ட படகுக்காகக் கரையில் நின்றபோதுகூட ஐஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள். அன்று சுவரோரம் உட்கார்ந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரன்னா மாத்திர, அதுல கூடவா ஏமாத்துவானுங்க?" என்று கேட்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. என்சைமைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அது உதவவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நின்றார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"மேகலா, சாம்பிள் எடுக்கும்போது நீங்க கூட இருந்தீங்களா?"

"முழுக்க இருந்தேன் டாக்டர். லேபிள் ஒட்டினதே நான்தான். நானும் லேப்லதான் வேலை செய்யறேன்."

"அடுத்த பக்கம் படிச்சீங்களா?"

நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

"இங்க ஒரு குறிப்பு போட்டிருக்காங்க. ஆண்னு எழுதி அனுப்பின சாம்பிள்ல பெண்ணோட குரோமோசோம்தான் இருக்காம். சரிபார்க்கச் சொல்றாங்க."

"இன்னாது?" என்று அப்பா மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஆவேசம் வந்தது. யாருடைய சாம்பிளையோ எங்கள் அப்பா பெயரில் போட்டுவிட்டார்கள்! ரிப்போர்ட்டின் அடியில் இருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டு, டாக்டருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். அமைதியான குரல்.

"மேடம், ஒவ்வொரு குழாய்லயும் பார்கோடு இருக்கு. இங்க மாற வாய்ப்பு இல்லை..."

"வாய்ப்பு இல்லையா? ஒரு உயிரோட விளையாடறீங்க! எங்க வீட்ல எந்தத் தப்பும் நடக்கலை. சாம்பிள் எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? நானே ஒரு லேப்ல இருக்கேன்! உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க!"

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரும்மா" என்று கையைத் தட்டிவிட்டேன். தரக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு விளக்க ஆரம்பித்தேன். (எண்ணெய் டின்னைத் திறக்கும்போது நான் கடைப்பிடிக்கும் அதே விதிகள்தான்.) நன்றாகவே விளக்கினேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஏய், வையிடி போன" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. துப்புனது நான்தான்."

போனுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்து சட்டென்று நின்றது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"யம்மா! நைனாவோட டெஸ்டுக்கு நீ எதுக்குத் துப்பின?"

"இன்னாடி கேள்வி இது? அவருக்கு வாயே ஊறல. நீ பாட்டுக்கு ஆள இட்டுகினு வரப் போயிட்ட. வந்து நிக்கிறவன எவ்ளோ நேரம் நிக்க வெக்கறது? ஏலத்துக்கு நான்தான் நிக்கறேன். பேங்குக்கு நான்தான் போறேன். கரையில அவருக்கு எல்லாத்தையும் நான்தானே பாக்கறேன், எச்சிய மட்டும் அவரே துப்பணுமா?" என்றவள், டாக்டர் பக்கம் திரும்பி, "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து ஒரே தட்டுல துன்றோம் சார். எது அவரு எச்சி, எது என் எச்சின்னு எங்களுக்கே தெரியாது. அது எப்டி சார் மிஷினுக்குத் தெரியும்?" என்றாள்.

டாக்டர் நல்லவர். சிரிக்காமல் பதில் சொன்னார். "தெரியும்மா. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் உடம்பு ரெண்டுதான். அவருக்குச் சேர்ற மருந்து உங்களுக்குச் சேராம போகலாம்."

இத்தனை வருஷ வாழ்க்கையில் அம்மாவுக்கு அது புதுச் செய்தி போலிருந்தது. "அப்ப அவரோடத இன்னும் யாரும் பாக்கவே இல்லையா?" என்றாள் மெதுவாக.

"அப்ப நான் கடலுக்குப் போலாமா சார்?" என்றார் அப்பா.

மறுபடி சாம்பிள் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர், இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே, நர்ஸ் கண் முன்னால். அம்மாவிடமும் அவள் பெயரிலேயே ஒன்று எடுத்து உறுதி செய்துகொள்ளலாம், பின்னால் பயன்படும் என்றார். "எனக்கு இன்னா கொறச்சல்?" என்றாள் அம்மா. இருந்தாலும் ஒரே மூச்சில் துப்பிக் கொடுத்தாள். அப்பாவுக்குத்தான் இப்போதும் வரவில்லை. நர்ஸும் நானும் மாறி மாறி எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசினோம். அம்மா எங்களைத் தள்ளிவிட்டு, பையிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவர் மூக்குக்கு நேராகத் திறந்தாள். நெத்திலிக் குழம்பு, மாங்காய் போட்டது.

"துன்னக் கூடாது. மோந்து மட்டும் பாரு."

குழாய் நிறைந்துவிட்டது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் எச்சில் விழுங்கினார்கள். நர்ஸும்தான்.

அப்பாவின் ரிசல்ட் சுத்தமாக வந்தது. அந்த மாத்திரை அவர் உடம்பில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது, முதல் நாளிலிருந்தே. அம்மாவுக்குத்தான் அது ஆகாது என்று உறுதியானது. பார்த்துப் போக வேண்டும் என்ற எச்சரிக்கையோடு டாக்டர் அப்பாவைக் கடலுக்கு விட்டார். நான் மட்டும் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. காட்டிய நாளெல்லாம், "இன்னா மேகலா, உங்க நைனா ஆம்பளையா பொம்பளையா, முடிவு வந்துச்சா?" என்று கேட்டார்கள். லேப் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம், அம்மா நல்லா இருக்காங்களா?" என்றாள். கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் பந்தியில் இந்தக் கதை பரிமாறப்பட்டது. "துப்பறதுக்குக் கூட ஆள் வெச்சிருந்த மனுசன்" என்று அப்பாவுக்குப் பெயர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபிக்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். என் கணவர் அந்த இடத்திலேயே சம்மதம் சொன்னதற்கு நான் காரணமா, நெத்திலிக் குழம்பு காரணமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

போன வருஷம் ஒரு மத்தியானம். ராயபுரத்தில் என் வீட்டில் இருந்தேன். அப்பாவிடமிருந்து போன். அவராகப் போன் செய்ததே கிடையாது. "அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டேன். நீ வா" என்றார். ஏறி உட்கார்ந்த ஆட்டோ திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் வழியில்லை. கரையில் தன் சட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர், எமர்ஜென்சி வார்டில், அம்மா இல்லாமல். அதாவது அம்மா இருந்தும் இல்லாமல். அந்த ஆட்டோவில் நான் உட்கார்ந்திருந்ததைப் போல எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைக்கிறார்கள், ஆபத்து இல்லை என்றார் வெளியே வந்த இளம் டாக்டர். நான் அவசரமாகப் போனைத் திறந்தேன். "டாக்டர், அவங்களுக்கு ஒரு மாத்திரை ஆகாது, பழைய ரிப்போர்ட் இருக்கு..."

"தெரியும். உங்க அப்பா சொல்லிட்டாரு" என்றார் அவர். "வேற மருந்துதான் குடுத்திருக்கோம்."

நடந்ததை அவரே சொன்னார். அப்பா சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். "நெஞ்சு வலின்னா இத்ததானே சார் குடுப்பீங்க? இது எனக்குத்தான் ஆவும். அவளுக்கு ஆவாது. டெஸ்ட் எடுத்துகீது." எந்த டெஸ்ட், எங்கே எடுத்தது என்று கேட்டதற்கு அப்பா கதையை ஆரம்பித்துவிட்டாராம். பந்திகளில் கேட்டுக் கேட்டு அவருக்கு அது வரிக்கு வரி மனப்பாடம். வறண்ட வாய், கூரியர்காரர், மீசை, நான் லேப் பெண்ணைத் திட்டியது, எல்லாம் இருந்ததாம். (அதை மட்டும் விட்டிருக்கலாம்.)

"முன்னாடியே இவங்களுக்கு நெஞ்சு வலி ஏதாவது வந்துச்சா, டெஸ்ட் எடுக்கற அளவுக்கு?" என்று அந்த டாக்டர் கேட்டாராம்.

"இல்ல சார்" என்றாராம் அப்பா. "எனக்கோசரம் துப்புனா."

அதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார் என்றார் டாக்டர். அப்பா ஒத்துக்கொள்வதில்லை. ஏசி காற்று கண்ணில் பட்டதாம்.

மறுநாள் வார்டில் நர்ஸ் வந்து, "வலி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "இடது பக்கம் சிஸ்டர். இப்ப கொறஞ்சிகீது. ராத்திரி நல்லா தூங்குனா, குறட்ட வுட்டா." ஊரையே ஏலம் விடும் அம்மா அவரையே பேச விட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது எந்தப் பந்தியிலும் கதைக்கு இரண்டு பாதி. முதல் பாதியை ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டாம் பாதியை அப்பா மட்டும்தான் சொல்வார். லேப்பில் வேலை செய்த என்னைக்கூட நடுவில் வாய் திறக்க விடுவதில்லை.